பிறர் தட்டுகளில் ஒலிக்கும் கிட்டார்: சக் வெய்னின் இசைவாழ்வும் ஒலிப்பதிவுகளும்

1940களின் நடுவில் நியூயார்க்கில் உருப்பெற்ற பீ-பாப் என்னும் ஜாஸ் பாணியின் வரலாறு, பெரும்பாலும் ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகிய ஐந்து வாத்தியங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் சேர்ந்து 1945 மே மாதத்தில் பதிவு செய்த தட்டுகளே அப்பாணியின் முதிர்ந்த முதல் வடிவமாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றில் கிட்டார் இல்லை. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன், அதே ஆண்டின் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கில்லெஸ்பி வாசித்த பதிவுகள் சிலவற்றில் கிட்டார் இருந்தது. அவற்றுள் குறிப்பிடத்தக்க இரண்டில் அதை வாசித்தவர் சக் வெய்ன் என்ற இளைஞர். அவருடைய இசைவாழ்வு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அந்த ஐம்பது ஆண்டுகளில் மிகுதியான பேர் கேட்ட இசையெல்லாம் வேறொருவர் பெயரைத் தாங்கிய தட்டுகளில் இருப்பதால், ஒலிப்பதிவைச் சான்றாகக் கொண்டு எழுதப்படும் ஜாஸ் வரலாறு அவரைக் கடந்து செல்வதும், ஆனால் அவரைத் தொடாமல் செல்ல முடியாதிருப்பதும் ஒருங்கே நிகழ்ந்திருக்கின்றன.

கிட்டார் பீ-பாப்பின் மையத்தில் இடம்பெறாமல் போனது வியப்புக்குரியது, ஏனென்றால் அப்பாணி கருக்கொண்ட இடத்தில் கிட்டார் இருந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் போனம் என்ற ஊரில் 1916 ஜூலை 29 அன்று பிறந்து ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன், 1939இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த பின், மின்சாரக் கிட்டாரை ஒரு காற்று வாத்தியத்தைப் போலத் தனி வரிகளாக வாசித்துக் காட்டினார். அவர் 1941இல் ஹார்லெம் பகுதியின் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கேளிக்கை விடுதியில் டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க்குடனும் பிறருடனும் நள்ளிரவுக்குப் பின் வாசித்தவை ஒரு மாணவரின் பதிவுக் கருவியால் காக்கப்பட்டன. பீ-பாப்புக்கு முந்திய நிலையைக் கேட்க விரும்புவோர் இன்றும் அவற்றிடமே செல்கிறார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 2ஆம் நாள், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த மருத்துவமனையில், காசநோயால், 25ஆம் வயதில் கிறிஸ்டியன் இறந்தார். அவர் திறந்துவைத்த வழியில் நடக்க வேண்டியவர்கள் அவரை நேரில் கண்டோ தட்டில் கேட்டோ தாமே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வழியில் தடைகள் பல இருந்தன, அவை வெறும் ரசனை சார்ந்தவையும் அல்ல. முந்தைய ஸ்விங் இசைக்குழுக்களில் கிட்டாரின் வேலை தாளத்தின் நான்கு அடிகளிலும் சுரக்கூட்டுகளை, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் தொகுதிகளை, இடைவிடாது தட்டிக்கொண்டே இருப்பது. பீ-பாப்பில் காலத்தைக் காட்டும் பொறுப்பு பாஸ் வாத்தியத்துக்கும் டிரம்ஸின் பெரிய வெண்கலத் தட்டுக்கும் மாறிவிட்டதால், அந்த வேலையே இல்லாமல் போயிற்று. சுரக்கூட்டுகளை எதிர்பாராத இடங்களில் இட்டு நிரப்பும் புதிய பணியைப் பியானோ எடுத்துக்கொண்டது; இருவர் ஒரே நேரத்தில் அதைச் செய்தால், பீ-பாப் விரும்பிய சிக்கலான, நீட்டிய சுரக்கூட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். எஞ்சியது தனி வாசிப்பு மட்டுமே. ஆனால் அங்கும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சாக்ஸபோன் கலைஞர் ஒரே மூச்சில் பல சுரங்களை இழைத்து, வேண்டிய சுரத்தில் மட்டும் நாவால் அழுத்தம் தருகிறார். கிட்டார் கலைஞரோ பிளெக்ட்ரம் என்னும் சிறு தகட்டால் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தட்டி எழுப்ப வேண்டும். நிமிடத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட அடிகள் ஓடும் வேகத்தில், அப்படித் தட்டப்படும் வரிகள் உடைந்தும் விறைத்தும் ஒலிக்கும். பீ-பாப் கிட்டாரின் தொடக்க வரலாறு என்பது இந்தத் தகட்டின் பிரச்சினைக்குத் தேடப்பட்ட விடைகளின் வரலாறு என்று சொல்வது மிகையாகாது. வெய்ன் கண்ட விடை அவற்றுள் மிக நுட்பமானவற்றில் ஒன்று.

சார்லஸ் யாகெல்கா என்ற இயற்பெயர் கொண்ட அவர், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில், 1923 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் பிறந்தார். சிறுவயதில் அவர் கையில் கிடைத்தவை பான்ஜோ, மாண்டலின், பலலைக்கா ஆகிய தந்தி வாத்தியங்கள். மூன்றுமே சுரம் விரைந்து மங்கும் இயல்புடையவை, ஆதலால் விரைவான கைவீச்சைக் கேட்பவை. கிட்டாருக்கு வந்தபோது அவருடைய வலக்கை ஏற்கெனவே பழகியிருந்தது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1940களின் தொடக்கத்தில் அவர் நியூயார்க்கின் 52ஆம் தெருவில் வாசிக்கத் தொடங்கினார். பழைய குடியிருப்புக் கட்டடங்களின் அடித்தளங்களில் நெருக்கியடித்து அமைந்த சிறு விடுதிகள் வரிசையாக நின்ற அத்தெருவில், ஒரே இரவில் ஒரு வாசலில் பழைய டிக்ஸிலாண்ட் பாணியையும் அடுத்த வாசலில் ஸ்விங்கையும் அதற்கடுத்ததில் இன்னும் பெயர் நிலைக்காத புதிய இசையையும் கேட்க முடிந்தது. 1942 முதல் 1944 வரை இராணுவப் பணியில் இருந்துவிட்டுத் திரும்பிய வெய்ன், கிளாரினெட் கலைஞர் ஜோ மர்சாலாவின் குழுவில் சேர்ந்து, ஸ்டேட்டன் தீவில் குடியமர்ந்தார்.

அவர் திரும்பிய காலம் ஒலிப்பதிவு வரலாற்றில் தனித்தன்மை உடையது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், தட்டுகளும் வானொலியும் தன் உறுப்பினர்களின் பிழைப்பைப் பறிக்கின்றன என்று கூறி, 1942 ஆகஸ்ட் முதல் வாத்தியக் கலைஞர்கள் வணிக ஒலிப்பதிவில் பங்கேற்பதைத் தடை செய்திருந்தது. சில நிறுவனங்கள் 1943இலேயே உடன்பாட்டுக்கு வந்துவிட்டாலும், ஆர்சிஏ விக்டர், கொலம்பியா என்ற இரு பெரும் நிறுவனங்கள் இணங்கியது 1944 நவம்பரில்தான். பீ-பாப் உருவான மிக முக்கியமான இரண்டு ஆண்டுகள் இதனால் பெரும்பாலும் பதிவின்றிப் போயின. தடை தளர்ந்ததும் சிறுசிறு நிறுவனங்கள் புதிய இசையைத் தேடி 52ஆம் தெருவுக்கு வந்தன. 1945 ஜனவரி 12 அன்று மர்சாலாவின் அறுவர் குழு பிளாக் அண்ட் ஒயிட் என்ற நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது, ட்ரம்பெட் வாசிக்க வந்தவர் கில்லெஸ்பி, பியானோவில் பழைய பாணியில் ஊறிய கிளிஃப் ஜாக்சன், கிட்டாரில் வெய்ன். அத்தட்டுகளைக் கேட்கும்போது இரண்டு தலைமுறைகள் ஒரே அறையில் நின்று வெவ்வேறு மொழி பேசுவது தெளிவாகப் புலப்படுகிறது. அங்கே கில்லெஸ்பியின் மொழியைப் புரிந்துகொண்டு விடையளிக்க முயல்பவராக வெய்ன் இருக்கிறார்.

நான்கு வாரங்களுக்குள் கில்லெஸ்பி தம் சொந்தப் பெயரில் ஓர் அறுவர் குழுவைக் கூட்டி, கில்ட் என்ற சிறு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். பிப்ரவரி 9 அன்று நடந்த அப்பதிவில் டெனர் சாக்ஸபோனில் டெக்ஸ்டர் கார்டன், பியானோவில் ஃபிராங்க் பாப்பரெல்லி, கிட்டாரில் வெய்ன் ஆகியோர் இருந்தனர். 'புளூ அண்ட் பூகி' வெளியானது. அன்றே பதிவான 'குரூவின் ஹை' அப்போது வெளியிடப்படவில்லை. பிப்ரவரி 28 அன்று கில்லெஸ்பி பார்க்கரையும் சேர்த்துக்கொண்டு அதே மெட்டை மீண்டும் பதிவு செய்தபோது, கிட்டாரில் இருந்தவர் ரெமோ பால்மியர். உலகம் அறிந்த 'குரூவின் ஹை' அதுவே. மூன்று நிமிடமே ஓடக்கூடிய அரக்குத் தட்டில் கிட்டாருக்குக் கிடைத்த இடம் குறுகியதுதான். ஆயினும், 22 வயது நிறையாத வெய்ன், பார்க்கரைக் கேட்டபின் தம் வாசிப்பை அடியோடு மாற்றிக்கொள்ள முனைந்து, விரைவிலேயே அப்பாணியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கில்லெஸ்பியின் பதிவில் இடம்பெற்றார் என்பது சிறிய செய்தி அல்ல. கிட்டார் கலைஞர்களுள் வெய்னும் பால்மியரும், நான்கு தந்திக் கிட்டாருடன் 1944 செப்டம்பரில் பார்க்கரோடு பதிவு செய்த டைனி கிரைம்ஸும், 1946இல் கில்லெஸ்பியுடன் விக்டர் நிறுவனத்தில் வாசித்த பில் டியராங்கோவும், அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் பார்க்கருடன் டயல் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ஆர்வ் காரிசனும் இந்த வாசலில் நின்ற ஒரு சிறு கூட்டம்.

வெய்ன் தகட்டின் பிரச்சினைக்குக் கண்ட விடையை இனி விளக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய எல்லாப் பதிவுகளிலும் கேட்பது அதுதான். பெரும்பாலான கலைஞர்கள் தகட்டைக் கீழ்நோக்கி ஒருமுறை, மேல்நோக்கி ஒருமுறை என மாறிமாறி வீசுவார்கள். ஒரே தந்தியில் இது இயல்பாக அமையும். ஆனால் ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குத் தாவும்போது, சில வேளை தகடு தான் கடந்துவிட்ட தந்தியின் மேலாகத் தாண்டித் திரும்ப வேண்டியிருக்கும். வேகம் கூடக்கூட இந்தத் தாண்டல் வரியின் ஓட்டத்தில் இடறலாக வெளிப்படும். வெய்ன் கைக்கொண்ட முறையில், ஒரே தந்திக்குள் வீச்சு மாறிமாறி வரும். தந்தி மாறும்போது மட்டும் கை எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையிலேயே தகடும் தொடர்ந்து செல்லும். மெல்லிய தந்தியை நோக்கிப் போகையில் கீழ்வீச்சு, தடித்த தந்தியை நோக்கி வருகையில் மேல்வீச்சு. கையின் நகர்வும் ஒலியெழுப்பும் செயலும் ஒன்றாகிவிடுகின்றன. இதனுடன் இடக்கை விரல்களால் தந்தியை அழுத்தியும் இழுத்தும் தகடின்றியே எழுப்பும் சுரங்களை அவர் சேர்த்துக்கொண்டார். சாக்ஸபோன் கலைஞர் நாவால் எந்தச் சுரத்தைத் தொட வேண்டும், எதை மூச்சில் இழையவிட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதைப் போல, கிட்டார் கலைஞர் எந்தச் சுரத்தைத் தகட்டால் தொடுவது, எதை விரலில் இழையவிடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இதனால் பிறந்தது. பிற்காலத்தில் ராக் கிட்டார் கலைஞர்களிடையே வேறு பெயர்களில் பரவிய தகட்டு முறைகளுக்கு இது நெருங்கிய உறவுடையது. அந்த ராக் கலைஞர்கள் இதை வேகத்துக்காக நாடினார்கள். வெய்னுக்கு வேகம் ஒரு துணை விளைவு மட்டுமே. அவர் தேடியது சுர இணைப்பின் மென்மையை, கருநாடக இசை கேட்டுப் பழகிய செவி குழலிலும் வாய்ப்பாட்டிலும் எதிர்பார்க்கும் அந்த ஒட்டுதலை.

1946இல் அவர் வுடி ஹெர்மனின் பெரிய இசைக்குழுவில் பில்லி பாவரின் இடத்துக்கு வந்தார். அக்குழுவின் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான ரால்ஃப் பர்ன்ஸ் எழுதிய 'சம்மர் சீக்வன்ஸ்' என்ற தொடர், அந்த செப்டம்பரில் பதிவானபோது கிட்டாரில் வெய்ன் இருந்தார். குழு அந்த ஆண்டின் இறுதியிலேயே கலைந்தது. 1947இல் கோல்மன் ஹாக்கின்ஸ், லெஸ்டர் யங் ஆகிய இரு டெனர் சாக்ஸபோன் முன்னோடிகளின் பதிவுகளில், இளைய தலைமுறையினர் சூழ, அவர் வாசித்தார். பியானோ கலைஞர் பார்பரா காரலின் மூவர் குழுவிலும் இருந்தார்.

1949இல் தொடங்கிய ஷியரிங் காலம் வேறு வகையானது. லண்டனில் பிறந்து 1947இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங், மார்ஜரி ஹயம்ஸின் வைப்ரஃபோன், வெய்னின் கிட்டார், ஜான் லீவியின் பாஸ், டென்சில் பெஸ்ட்டின் டிரம்ஸ் ஆகியவற்றோடு ஓர் ஐவர் குழுவை அமைத்தார். இனப் பிரிவினை அன்றாட நடைமுறையாக இருந்த நாட்டில், கறுப்பர் இருவரும், ஒரு பெண்ணும், ஓர் ஆங்கிலேயரும் சேர்ந்த குழு மேடை ஏறியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஷியரிங் இரு கைகளையும் நெருங்கி வைத்து, மெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு சுரக்கூட்டாக வாசிப்பார்; அக்கூட்டின் உச்சியில் இருப்பது மெட்டின் சுரம், அடியில் இருப்பது அதே சுரத்தின் கீழ் ஸ்தாயி. உச்சிச் சுரத்தை வைப்ரஃபோன் இரட்டித்தது, அடிச் சுரத்தைக் கிட்டார் இரட்டித்தது. மூன்று வாத்தியங்களும் ஒரே மூச்சில் ஒலிக்கும்போது அவற்றுள் எதையும் தனித்துப் பிரித்தறிய முடியாத, பட்டு போன்ற புதிய வாத்தியம் ஒன்று பிறந்தது. 1949 பிப்ரவரியில் எம்ஜிஎம் நிறுவனத்துக்காகப் பதிவான 'செப்டம்பர் இன் த ரெயின்' மாபெரும் வணிக வெற்றி பெற்றது. பீ-பாப்பைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் அதை வாங்கினார்கள்.

இங்கே வெய்னின் நிலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பியானோவுக்கும் கிட்டாருக்கும் இடையே இருந்த சுரக்கூட்டுச் சண்டையை ஷியரிங்கின் அமைப்பு அழகாகத் தீர்த்துவிட்டது: கிட்டார் சுரக்கூட்டைத் துறந்து, மெட்டின் நிழலாகப் பியானோவுக்குள்ளேயே குடியேறியது. அதற்கு வெய்ன் கொடுத்த விலை, கேட்பவர் செவியில் தம் தனித்தன்மை கரைந்துபோவது. மூன்று ஆண்டுகள் வெய்ன் அந்தப் பணியைச் செய்தார். அக்குழு வெறும் இனிமைக்காக மட்டும் இருந்ததாகக் கருதுவது பிழை. 1949இல் அவர்கள் பதிவு செய்த ஷியரிங்கின் 'கன்செப்ஷன்' நேர்த்தியான பீ-பாப் ஆக்கம். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அதைத் தழுவி 'டிசெப்ஷன்' என்ற பெயரில் மறு ஆண்டு பதிவு செய்தபோது, ஆக்கியோன் பெயர் டேவிஸ் என்றே அச்சாயிற்று. வெய்னின் வாழ்வில் டேவிஸின் பெயர் இன்னொரு முறை, இதைவிடக் கடுமையாகக் குறுக்கிட இருந்தது.

1952இல் ஷியரிங்கை விட்டு விலகிய வெய்ன், 1953இலும் 1954இலும் தம் பெயரில் செய்த பதிவுகள் பின்னர் சவாய் நிறுவனத்தால் 'த ஜாஸ் கிட்டாரிஸ்ட்' என்ற தொகுப்பாக வெளியிடப்பட்டன. முதல் அமர்வில் ஸூட் ஸிம்ஸ், புரூ மோர் என்ற இரு டெனர் சாக்ஸபோன் கலைஞர்கள் உடனிருந்தனர். அவர்கள் இருவரும் லெஸ்டர் யங்கின் வழிவந்த, அழுத்தமற்ற நீள் வரிகளுக்குப் பெயர்பெற்றவர்கள்; அவர்களுக்கு இடையே கிட்டாரை நிறுத்தி, மூன்றையும் ஒரே தொனியில் ஓடவிட்டது வெய்னின் தகட்டு முறைக்கு அவரே வைத்துக்கொண்ட தேர்வு. 'பட்டர்ஃபிங்கர்ஸ்', 'புராஸ்பெக்டிங்' ஆகிய அவருடைய சொந்த ஆக்கங்களில் கிட்டார் அத்தேர்வில் வெல்கிறது. அதே தொகுப்பில் 'சைட்வாக்ஸ் ஆஃப் கியூபா' என்ற மெட்டும் இருக்கிறது. ஹெர்மன் குழுவின் 1946 பதிவில் அந்த மெட்டில் ட்ரம்பெட் கலைஞர் சோனி பெர்மனின் தனி வாசிப்பு பேர்பெற்றது. பெர்மன் 1947 ஜனவரியில், 21ஆம் வயதில் இறந்துவிட்டார். ஏழாண்டுகள் கழித்து வெய்ன் அம்மெட்டுக்குத் திரும்பியதில் ஒரு நண்பரின் நினைவும் கலந்திருந்தது என்று கருத இடமுண்டு, ஏனென்றால் அந்த நண்பருக்காக அவர் ஏற்கெனவே ஒரு மெட்டு ஆக்கி, அதற்கு 'சோனி' என்றே பெயரிட்டிருந்தார்.

அந்த மெட்டின் கதைதான் வெய்னின் பெயரை இன்று பலர் கேட்கக் காரணம். அதைப் புரிந்துகொள்ள பீ-பாப்பின் ஆக்கமுறை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேடை நாடகங்களுக்காகவும் திரைப்படங்களுக்காகவும் எழுதப்பட்ட புகழ்பெற்ற பாடல்களின் சுரக்கூட்டுத் தொடரை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் முற்றிலும் புதிய மெட்டைக் கட்டுவது அக்கலைஞர்களின் வழக்கம். 'குரூவின் ஹை' 1920ஆம் ஆண்டின் 'விஸ்பரிங்' பாடலின் மேல் கட்டப்பட்டது. அமெரிக்கப் பதிப்புரிமை மெட்டையும் சொல்லையும் காத்ததேயன்றிச் சுரக்கூட்டுத் தொடரைக் காக்கவில்லை. ஆகவே பழைய தொடரின் மேல் புதிய மெட்டு எழுதியவருக்கு ஆக்கியோன் என்ற பெயரும், தட்டு விற்கும்போதெல்லாம் அதற்குரிய சிறு தொகையும் கிடைத்தன. இம்முறை படைப்பாற்றலுக்குப் பெரும் இடம் தந்தது. அதே வேளை, விடுதிகளில் வாய்வழியாகவும் செவிவழியாகவும் உலவிய மெட்டுகளை, எழுதிப் பதிவு செய்யும் வாய்ப்பு யாருக்கு முதலில் வாய்க்கிறதோ அவர் தம் பெயரில் பதிந்துகொள்ளவும் இடம் தந்தது.

'சோனி', 'ஹவ் ஹை த மூன்' பாடலின் சுரக்கூட்டுகளைத் தழுவிய பன்னிரண்டு பார் கொண்ட மெட்டு. பார் என்பது நான்கு அடிகள் கொண்ட தாளக் கூறு. 1954 ஏப்ரல் 3 அன்று மைல்ஸ் டேவிஸ் பிரஸ்டீஜ் நிறுவனத்துக்காக 'சோலார்' என்ற பெயரில் ஒரு மெட்டைப் பதிவு செய்தார். ஆல்டோ சாக்ஸபோனில் டேவ் ஷில்ட்கிராட், பியானோவில் ஹொரஸ் சில்வர், பாஸில் பெர்சி ஹீத், டிரம்ஸில், மின்டன்ஸில் ஒருகாலத்தில் கிறிஸ்டியனுக்குத் தாளம் தந்த அதே கென்னி கிளார்க். ஆக்கியோன் டேவிஸ் என்று அச்சானது. ஜாஸ் பயிலும் மாணவர் எவரும் கற்றே தீர வேண்டிய ஆக்கங்களுள் ஒன்றாக 'சோலார்' வளர்ந்தது. 1991இல் டேவிஸ் இறந்தபின், நியூயார்க்கின் வுட்லான் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நடுகல்லில் செதுக்கப்பட்ட சுரக்குறிப்பும் அதன் தொடக்கமே. அது வெய்னின் மெட்டு என்ற பேச்சு கிட்டார் கலைஞர்களிடையே நீண்ட காலம் உலவி வந்தது. வெய்னின் ஆவணத் தொகுப்பு வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு வந்தபின், 1946இல் ஓக்லஹோமா சிட்டியில் வெய்ன் நண்பர்களுடன் வாசித்த தனிப்பட்ட பதிவு ஒன்று அதில் இருப்பதும், அதில் அந்த மெட்டு டேவிஸின் பதிவுக்கு எட்டாண்டுகள் முன்னதாகவே ஒலிப்பதும் 2012இல் பொதுவெளிக்கு வந்தன.

இச்சான்றின் எடையை நிதானமாக அளக்க வேண்டும். மெட்டு 1946இலேயே வெய்னின் கையில் இருந்தது என்பதை அது ஐயமின்றி நிறுவுகிறது. டேவிஸுக்கு அது எவ்வழியாகச் சென்றது என்பதை அது சொல்வதில்லை. சாக்ஸபோன் கலைஞர் எடி வின்சன் தம்முடையவை என்று உரிமை கோரிய 'டியூன் அப்', 'ஃபோர்' ஆகிய மெட்டுகளும் டேவிஸின் பெயரில் புழங்குவதை இதோடு சேர்த்துப் பார்க்கையில், அக்காலத் தட்டுத் தொழிலின் நடைமுறை ஒன்று புலனாகிறது. எவர் பெயரில் அமர்வு நடக்கிறதோ அவர் பெயரையே மெட்டின் கீழும் எழுதிவிடுவது அந்த நடைமுறை. ஆனால் நடைமுறை என்று பெயரிடுவதால் இழப்பு குறைந்துவிடாது. டேவிஸின் 'சோலார்' மகத்தான பதிவு. அடங்கிய ட்ரம்பெட்டில் அவர் ஒவ்வொரு சுரத்துக்கும் தந்த வெளி வேறு எவராலும் தர இயலாதது. அந்த மகத்துவமும், மெட்டை ஆக்கியவர் பெயர் அதன் கீழ் இல்லாமை என்ற அநீதியும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதில்லை. இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுத வேண்டும்.

1954 முதல் 1957 வரை வெய்ன் பாடகர் டோனி பென்னெட்டுக்கு இசை இயக்குநராகவும் துணைவாசிப்பாளராகவும் பணியாற்றினார். 1955இல் வெளியான பென்னெட்டின் 'கிளவுட் 7' என்ற தட்டு, அவருடைய வழக்கமான பெரிய வயலின் கூட்டத்தை விலக்கி, சிறு ஜாஸ் குழுவோடு பாடியது. அதன் ஒலியை நிர்ணயிப்பது வெய்னின் கிட்டார். 'சோலார்' பதிவில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த அதே ஷில்ட்கிராட் இதிலும் வாசிக்கிறார் என்பதைப் பட்டியல்களை ஒப்பிடும்போது காணலாம். நியூயார்க்கின் இசையுலகம் எவ்வளவு நெருக்கமானது, ஒரு மெட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் செல்ல எவ்வளவு குறைந்த தொலைவே இருந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று. 1957இல் டென்னசி வில்லியம்ஸின் 'ஆர்ஃபியஸ் டிசென்டிங்' நாடகத்துக்கு, கிட்டாரும் கையுமாக ஊருக்குள் வரும் ஒருவனைப் பற்றிய அந்நாடகத்துக்கு, இசை அமைத்தவரும் அவரே. 1960களில் அவர் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தின் ஊதியக் கலைஞராக இருந்தார்.

இப்படி மாதச் சம்பளத்துக்குள் ஒதுங்கியது அவர் மட்டுமல்ல. 'குரூவின் ஹை' பதிவில் பார்க்கருக்குப் பக்கத்தில் வாசித்த பால்மியர், 1945 முதல் ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆர்தர் காட்ஃப்ரேயின் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பணியாற்றினார். டியராங்கோ 1940களின் இறுதியில் தம் ஊரான கிளீவ்லாந்துக்குத் திரும்பினார். காரிசன் ஒஹையோவின் டொலீடோவுக்குத் திரும்பி 1960இல் இறந்தார். முதல் தலைமுறை பீ-பாப் கிட்டார் கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையிலிருந்து மறைந்ததற்கு அவர்களின் திறமைக் குறைவைக் காரணமாகக் காட்டுவதற்கில்லை. பியானோ இருக்கும் ஐவர் குழுவில் ஆறாவது ஆளுக்குக் கூலி கொடுக்கச் சிறு விடுதிகளால் இயலவில்லை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்குமோ சுரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பாணியிலும் வாசிக்கக்கூடிய கிட்டார் கலைஞர்கள் நாள்தோறும் தேவைப்பட்டனர். இசை தள்ளியதும் தொழில் இழுத்ததும் ஒரே திசையில் அமைந்தன.

ஊதியப் பணிக்கு இடையே வெய்ன் செய்த இரு பதிவுகள் 1960களின் நடுவில் வெளியாயின: ஃபோகஸ் நிறுவனத்தின் 'டேப்பஸ்ட்ரி', பிரஸ்டீஜ் நிறுவனத்தின் 'மார்னிங் மிஸ்ட்'. 'சோலார்' வெளியான அதே பிரஸ்டீஜின் தட்டில், பத்தாண்டுகளுக்குப் பின், தம் பெயரோடு வெய்ன் தோன்றுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, காலந்தாழ்ந்ததாயினும். பாஸும் டிரம்ஸும் மட்டுமே துணையாக உள்ள 'மார்னிங் மிஸ்ட்', இக்கட்டுரையின் பார்வையில், அவருடைய மிகச் சிறந்த தட்டு. பியானோ அகன்றுவிட்டதால் சுரக்கூட்டும் தனிவரியும் ஒரே கையின் பொறுப்பாகின்றன. தனிவரி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் இடைவெளியில் ஒரு சுரக்கூட்டு விழுந்து, அடுத்த வரிக்குத் தளம் அமைக்கிறது. இந்த ஒழுங்கு தற்செயலாக வந்ததல்ல. வெய்ன் கிட்டாரின் விரற்பலகையை ஆண்டுக்கணக்கில் முறைப்படி ஆராய்ந்தவர். கிட்டார் கலைஞர் ரால்ஃப் பாட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கிட்டார் ஆர்பெஜியோ அகராதி, சுரக்கூட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக விரித்து வாசிக்கும் வழிகளைத் தொகுத்துத் தந்தது. மாணவர்களுக்குத் தகட்டு முறையைக் கற்பித்தபோதும், இன்னின்ன இடத்தில் இன்ன வீச்சு என்று அவர் துல்லியமாகக் குறித்துக் கொடுத்தார். ஸ்டேட்டன் தீவில் நெடுங்காலம் வாழ்ந்து, 1991இல் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்த அவர், 1997 ஜூலை 29 அன்று இறந்தார். அந்நாள் சார்லி கிறிஸ்டியனின் பிறந்தநாள்.

1970களில் வெய்ன் கிட்டார் கலைஞர் ஜோ பூமாவுடன் சேர்ந்து இருவர் குழுவாக வாசித்தார். சாய்ஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட 'இன்டராக்ஷன்ஸ்' அக்கூட்டணியின் பதிவு. பியானோவும் டிரம்ஸும் அதில் இல்லை. ஒருவர் தனிவரியில் ஓடும்போது மற்றவர் கீழ்த் தந்திகளில் பாஸ் வரியாகவும் மேல் தந்திகளில் சுரக்கூட்டாகவும் அவரைத் தாங்குகிறார், பிறகு பொறுப்பு கைமாறுகிறது. 1945இல் பீ-பாப் கிட்டாருக்கு மறுத்த அல்லது கடினமாக்கிய மூன்று வேலைகளையும், காலம் காட்டுவது, சுரக்கூட்டு இடுவது, தனித்து ஓடுவது ஆகிய மூன்றையும், அந்தத் தட்டில் கிட்டார்களே செய்கின்றன. இருவரும் ஒரே வாத்தியத்தை வாசிப்பதால் யார் எங்கே தொடங்குகிறார் என்று முதல் கேட்பில் பிரித்தறிவது கடினம். தந்தி மாறும் இடங்களில் தகடு இடறாமல் கடந்துபோகும் அந்த ஒட்டுதலைக் காது பிடித்துக்கொண்டபின், வெய்ன் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது தெளிவாகிவிடுகிறது.